நிக்கான் டி850 கேமரா அறிவிப்பு வந்துருச்சு: 45 மெகாபிக்சலும் வேகமும் ஒரே பாடியில, தொழில் பண்றவங்க என்ன நினைக்கிறீங்க?

முகூர்த்தக்கால் | 24 ஆகஸ்ட் 2017

வணக்கம் மக்களே. காலைல எந்திரிச்சு போனைப் பாத்தா முதல் செய்தியே இதுதான். போன மாசம் 25ந்தேதி நிக்கானோட நூறாவது பிறந்தநாள் அன்னைக்கு, இப்படி ஒண்ணு செஞ்சுக்கிட்டு இருக்கோம்னு மட்டும் சொல்லிட்டு விட்டாங்களே, அந்த டி850 இன்னைக்கு முழு விவரத்தோட வந்துருச்சு. 45.7 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் (பழைய 35 எம்எம் ஃபிலிம் அளவு சென்சார்), படத்தை லேசா மழுக்குற லோ பாஸ் ஃபில்டர் கிடையாது, செகண்டுக்கு 7 ஃப்ரேம் (படம்), நிக்கானோட உச்ச மாடல் டி5ல இருக்குற அதே 153 பாயிண்ட் ஆட்டோஃபோகஸ், ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணர்ற அளவு) 64ல ஆரம்பிச்சு 25600 வரைக்கும், அறிவிப்புல போட்ட அமெரிக்க விலை 3299.95 டாலர்.

நான் 11 வருசமா மதுரைப் பக்கம் கல்யாணம் எடுக்குறேன். இப்ப கையில டி810 ஒண்ணு டி750 ஒண்ணு. ரெண்டு பாடி, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமரா, வச்சிருக்கேன்னா அது பேக்கப்புக்கு மட்டும் இல்ல. டி810ல டீடெய்ல் அள்ளும், ஆனா 5 ஃப்ரேம்தான், இருட்டு மண்டபத்துல ஃபோகஸ் தடவும். டி750 இருட்டுல டக்குனு பிடிக்கும், 24 மெகாபிக்சல். தாலி கட்டுற நேரத்துல எதைத் தூக்குறதுன்னு ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் எனக்குள்ள ஒரு சண்டை நடக்கும்.

கல்யாணம் எடுக்குறவங்களுக்குத் தெரியும், கெட்டிமேளம்னு குரல் வந்த அடுத்த செகண்டு நாலாபக்கமும் இருந்து அட்சதை பறக்கும். மாப்பிள்ளை கை பொண்ணு கழுத்துக்குப் பின்னாடி இருக்கும், ஃபோகஸ் பாயிண்ட் அவங்க முகத்துல இருக்கும், குறுக்க ஒரு கைப்பிடி மஞ்ச அரிசி போகும், லென்ஸ் அந்த அரிசியைப் பிடிச்சுக்கிட்டு முன்னாடி ஓடிரும். திரும்பி முகத்துக்கு வர்றதுக்குள்ள ரெண்டாவது முடிச்சு விழுந்துரும். அந்த நாலஞ்சு செகண்டுக்காகத்தான் நம்மள கூப்பிட்டதே. பெரிய ஆல்பத்துக்கு வேண்டிய டீடெய்லும் அந்த நேரத்தைத் தவற விடாத ஃபோகஸும் ஒரே பாடியில வந்தா இந்தச் சண்டை தீந்துரும். எனக்கு இந்த அறிவிப்புல முக்கியமே இதுதான், மத்ததெல்லாம் அப்புறம்.

நீங்க சொல்லுங்க.

இருவாச்சி | 24 ஆகஸ்ட் 2017

அண்ணா வணக்கமுங்க. நான் பொள்ளாச்சி, வாரக் கடைசியில வால்பாறை மலையில பறவைப் படம். எங்களுக்கு இதுல பெரிய விசயம் டிஎக்ஸ் கிராப் மோடுதானுங்க, அதாவது சென்சாரோட நடுப் பகுதிய மட்டும் வெட்டி எடுக்கறது. டி850ய கிராப்ல போட்டா 19.4 மெகாபிக்சல் வருது. என்கிட்ட இருக்கற டி500, சின்ன (டிஎக்ஸ்) சென்சார் கேமரா, 20.9. அதாவது ஒரு டி500யவே உள்ள வச்சுக்கிட்டு, மேல ஃபுல் ஃப்ரேமும் குடுக்கறாங்க. ஃபோகஸ் சிஸ்டமும் அதே குடும்பம்.

இருவாச்சி பறந்து வர்றப்போ முன்னாடியே சத்தம் கேக்குமுங்க, றெக்கையில காத்து போற சத்தம் நீராவி என்ஜின் மாதிரி மரத்துக்கு மேல வரும். சத்தம் கேட்டு நிமிந்து ஃப்ரேம்குள்ள கொண்டு வர்றதுக்குள்ள கிராப் சென்சார்ல பாதி றெக்கை வெளிய போயிரும். ஃபுல் ஃப்ரேம்னா சுத்தி இடம் இருக்கும், பொறவு வெட்டிக்கலாம். வெட்டுனதுக்கப்புறமும் 20 மெகாபிக்சல் கிட்ட மிச்சம் இருக்குதுன்னா அது சாதாரண விசயம் இல்லீங்க.

ஆனா செகண்டுக்கு 9 ஃப்ரேம்னு எல்லாரும் சொல்றது பாடிய மட்டும் வாங்கினா வராதுங்க, அதுக்கு 7தான், அத நல்லாப் படிங்க. எம்பி-டி18 கிரிப் (அடியில மாட்டற பிடி) வாங்கோணும், அதுக்குள்ள போடறதுக்கு டி5க்கும் சேர்ற பெரிய பேட்டரி இஎன்-இஎல்18பி வாங்கோணும், பேட்டரி மூடி தனி, அதுக்குச் சார்ஜர் தனி. எல்லாஞ் சேந்தா இன்னொரு சின்ன பாடி விலை வந்துருமுங்க.

ஏழாம் வரிசை | 24 ஆகஸ்ட் 2017

எல்லாரும் சந்தோசமா இருக்கீங்க, நான் மட்டும் மாத்திப் பேசறேன்னு கோவிக்காதீங்க. ரெண்டு வருசம் முன்னாடி வந்த சோனி ஏ7ஆர் 2 மிரர்லெஸ் (உள்ள கண்ணாடி இல்லாத) கேமராவுலயே 42.4 மெகாபிக்சல் பிஎஸ்ஐ (வெளிச்சத்தைக் கூட வாங்கற) சென்சார் இருக்கு. பாடிக்குள்ளயே கை ஆட்டத்தைச் சமாளிக்கற அஞ்சு அச்சு ஸ்டெபிலைசேஷன், கண்ணைத் தேடிப் பிடிக்கற ஃபோகஸ். இந்த ஏப்ரல்ல வந்த ஏ9 செகண்டுக்கு 20 ஃப்ரேம், நடுவுல கண் வச்சுப் பாக்கற ஃபைண்டர் ஒரு தடவை கூட இருட்டாகாது. நான் சென்னையில மாடலிங், ஃபேஷன் எடுக்கறவன், எடுக்கப் போற எக்ஸ்போஷர் (படத்துல விழற வெளிச்சம்) ஃபைண்டர்லயே தெரியறது எவ்வளவு பெரிய வசதின்னு பழகினவங்களுக்குத்தான் தெரியும். 2017ல வந்து மறுபடியும் கண்ணாடிய மேல தூக்கி கீழ போடற கேமராவ ஒரு கிலோ எடையில குடுக்கறாங்க. இவ்வளவு நல்ல சென்சாரை ஏன் மிரர்லெஸ்ல போடலைன்னுதான் எனக்கு வருத்தமா இருக்கு.

முகூர்த்தக்கால் | 24 ஆகஸ்ட் 2017

கோவிக்க என்ன இருக்கு, நீங்க சொன்ன எதுவும் தப்பில்ல. ஆனா நான் காலைல மூணரைக்கு மண்டபத்துல நுழைஞ்சா சாப்பாட்டுப் பந்தி முடிஞ்சு மூணு மணிக்குத்தான் வெளிய வருவேன். டி850க்கு ஒரு சார்ஜுக்கு 1840 ஷாட்னு போட்டிருக்காங்க, ஏ7ஆர் 2வுக்கு 290னு போட்டிருக்கு. நடைமுறையில ரெண்டுமே இதைவிடக் கூட வரும்னு தெரியும், ஆனாலும் அந்த வித்தியாசம் அப்படியேதான் இருக்கும். நலங்கு நடுவுல பேட்டரி மாத்திக்கிட்டு நிக்க முடியாது. அப்புறம் என்கிட்ட இருக்குற லென்ஸ் எல்லாம் எஃப் மவுண்ட் (நிக்கான் பாடியில மாட்டுற வகை), 24-70, 70-200, 85. அதையெல்லாம் வித்துட்டு மறுபடி முதல்ல இருந்தா?

நெகட்டிவ் டப்பா | 25 ஆகஸ்ட் 2017

எல்லாருக்கும் பிள்ளையார் சதுர்த்தி வாழ்த்துக்கள். நான் கும்பகோணத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன், அப்பா காலத்துக் கடை. இந்த அறிவிப்பில் யாரும் கவனிக்காத ஒன்றைச் சொல்லத்தான் வந்தேன்.

இஎஸ்-2 என்று ஒரு அடாப்டர் அறிவித்திருக்கிறார்கள். 60 எம்எம் மைக்ரோ (கிட்டத்தில் எடுக்கும்) லென்ஸ் முன்னாடி மாட்டி அதில் 35 எம்எம் நெகட்டிவை சொருகி வெளிச்சத்தைப் பார்த்து எடுத்தால், கேமராவே நெகட்டிவைத் திருப்பி பாசிட்டிவ் படமாகக் கொடுத்துவிடும். கலர், கருப்பு வெள்ளை ரெண்டுக்கும் தனித்தனியா. ஜேபெக் மட்டும்தான் வரும், ராவ் (கேமரா திருத்தாத மூல ஃபைல்) வேண்டுமென்றால் நாமே எடுத்து கம்ப்யூட்டரில் திருப்பிக்கொள்ள வேண்டியதுதான்.

எங்கள் கடை பரணில் பதினாலு தகர டப்பா இருக்கிறது. அப்பா ஒவ்வொரு ரோலையும் ஆறு ஆறு ஃப்ரேமாக வெட்டி, பட்டர் பேப்பர் உறையில் போட்டு, மேலே மசியில் ஊர்ப் பெயரும் வீட்டுப் பெயரும் எழுதி வைத்திருப்பார். போன ஐப்பசி மழையில் ஓடு ஒழுகி ஒரு டப்பா நனைந்து, உறையும் நெகட்டிவும் ஒன்றாக ஒட்டிக்கொண்டது. தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்ததில் பாதி எமல்ஷன் (படம் பதிந்த படலம்) கையோடு வந்துவிட்டது. அதில் யார் வீட்டுக் கல்யாணம் இருந்ததோ. ஃபிளாட்பெட் ஸ்கேனரில் ஒரு ஃப்ரேமுக்கு மூன்று நாலு நிமிஷம் ஆகிறது, பதினாலு டப்பாவுக்கு எத்தனை வருஷம் என்று கணக்குப் போட்டு மலைத்து உட்கார்ந்துவிட்டேன். கேமராவால் எடுத்தால் ஒரு ஃப்ரேமுக்கு சில செகண்ட். இந்த பாடிக்கு நான் காசு போட்டால் அது இதற்காகத்தான் இருக்கும்.

எறும்புப் புற்று | 25 ஆகஸ்ட் 2017

நெகட்டிவ் டப்பா சார் நீங்க எழுதினத படிச்சிட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். எங்க வீட்லயும் தாத்தா பாட்டி கல்யாண நெகட்டிவ் எங்க போச்சுன்னே தெரியல, கேட்டா ஸ்டுடியோவ மூடிட்டாங்கன்னு சொல்றாங்க.

நான் மேக்ரோ (பூச்சி மாதிரி சின்னதப் பெருசா) எடுக்கறவன், சேலம். எனக்கு இதுல ஃபோகஸ் ஷிஃப்ட்தான் விசயம். இது வரைக்கும் சிலந்தி கண்ணுல இருந்து முதுகு வரைக்கும் ஷார்ப்பா வேணும்னா நகத்தற ரெயில் பட்டையில கேமராவ வச்சு திருகாணிய கொஞ்சங் கொஞ்சமா திருப்பி முப்பது நாப்பது படம் எடுக்கணும், திருப்பற அதிர்வுல இலை ஆடினா மொத்தமும் போச்சு. இதுல கேமராவே லென்ஸ் மோட்டார நகத்தி 300 ஃப்ரேம் வரைக்கும் வரிசையா எடுக்கும், கையே படாது. ஒண்ணா சேக்கறது மட்டும் சாஃப்ட்வேர்லதான் பண்ணணும், கேமரா சேத்துக் குடுக்காது. அப்புறம் சைலண்ட் ஷட்டரும் இருக்கறதால கண்ணாடி அடிக்கற அதிர்வும் இல்ல. காத்த மட்டும் யாரும் நிறுத்த முடியாது, விடியக்காலம் அஞ்சரைல இருந்து ஏழு வரைக்கும்தான் நமக்கு நேரம்.

புது ஷட்டர் | 25 ஆகஸ்ட் 2017

அண்ணா எல்லாருக்கும் வணக்கம். நான் காலேஜ் முடிச்சிட்டு இப்பதான் ஆர்டர் எடுக்க ஆரம்பிச்சிருக்கேன், கைல டி5300, 18-140 கிட் லென்ஸ். மாமா காசு கடனா தரேன்னு சொல்லியிருக்காரு. நேரா டி850 வாங்கிட்டா அடுத்த அஞ்சாறு வருசத்துக்கு கவலை இல்லைனு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க, வாங்கலாமா? இதுல 8கே வீடியோ எடுக்கும்ங்கறது உண்மையா?

இருவாச்சி | 25 ஆகஸ்ட் 2017

தம்பி, 8கே வீடியோ கிடையாதுப்பா. இன்டர்வெல்ல ஃபோட்டோவா எடுத்து, வெளிய சாஃப்ட்வேர்ல கோத்தா 8கே டைம்லாப்ஸ் ஆகும், அவ்வளவுதான். வீடியோ 4கே வரைக்கும், சென்சாரோட முழு அகலத்துலயும் எடுக்குது, அது நல்ல விசயம். ஆனா லைவ் வியூல (பின் ஸ்கிரீனைப் பாத்து எடுக்கறப்போ) ஃபோகஸ் பழைய கான்ட்ராஸ்ட் முறைதான், ஆள் நடந்து வந்தா முன்னயும் பின்னயும் போயிட்டு வரும். வீடியோதான் வேணும்னா இதுல காசு போட வேண்டாம்.

முகூர்த்தக்கால் | 25 ஆகஸ்ட் 2017

தம்பி, மாமா காசுங்கறதால நேராவே சொல்றேன். இப்ப வாங்காத.

உன் 18-140 டிஎக்ஸ் லென்ஸ். அத டி850ல மாட்டினா கேமரா தானாவே கிராப்புக்குப் போயிரும், 19 மெகாபிக்சல்தான் வரும், உன் டி5300லயே 24 இருக்கு. ஃபுல் ஃப்ரேம் லென்ஸ் வாங்கலைன்னா குடுத்த காசுல பாதி வேஸ்ட். 45 மெகாபிக்சல்ல லென்ஸோட குறையும் கையோட ஆட்டமும் அப்படியே காட்டிக் குடுத்துரும். 24ல 1/60ல தப்பிச்ச படம் 45ல நூறு சதவீதத்துல வச்சுப் பாத்தா ரெட்டையா தெரியும், 1/125க்கு மேல போயே ஆகணும். முதல்ல ஒரு 85 எம்எம் 1.8 வாங்கு, ஒரு நல்ல ஃபிளாஷ் வாங்கு. ஒரு வருசம் ஆர்டர் ஓடட்டும், அப்புறம் டி750 கூட உனக்குப் போதும். கடன் வாங்கி வாங்குற பாடிக்கு மாசா மாசம் தவணை வரும், ஆனா ஆடி மாசமும் மார்கழியும் ஆர்டர் வராது தம்பி, அத மனசுல வை.

புது ஷட்டர் | 25 ஆகஸ்ட் 2017

சரிண்ணா. 85 பாக்கறேன். ரொம்ப நன்றி.

ஏழாம் வரிசை | 26 ஆகஸ்ட் 2017

முகூர்த்தக்கால், ஒரு கேள்வி, சண்டைக்கு இல்ல. டி810 வச்சிருக்கற உங்களுக்கு 36ல இருந்து 45க்குப் போறதுல என்ன கிடைக்குது? அகலத்துல 7360 பிக்சல் 8256 ஆகுது, 12 சதவீதம்தான் கூட. ஆல்பத்துல யாருக்கும் தெரியாது.

முகூர்த்தக்கால் | 26 ஆகஸ்ட் 2017

நல்ல கேள்வி, இத எழுதணும்னு நானே நினைச்சேன். 12க்கு 36 ஆல்பம் போடுறோம்ல, ஒரே படத்தை ரெண்டு பக்கத்துக்கும் விரிச்சா 36 இன்ச் அகலம். 300 டிபிஐக்கு (இன்ச்சுக்கு 300 புள்ளி) 10800 பிக்சல் வேணும். டி750ல வெட்டாம எடுத்தாலே 20 இன்ச்தான் வரும், டி810ல 24 அரை, இதுல 27 அரை. மிச்சத்த லேப்ல பெருசாக்கித்தான் போடுறாங்க. அதனால நீங்க சொன்ன மாதிரி டி810ல இருந்து இதுக்கு வர்றதுல படத்தோட அளவு பெரிய மாற்றம் இல்ல, ஒத்துக்குறேன்.

எனக்கு மாறப் போறது ஃபோகஸ். டி810ல 51 பாயிண்ட், மைனஸ் 2 ஈவி (எவ்வளவு இருட்டுல பிடிக்கும்ங்குற அளவு) வரைக்கும்தான். இதுல 153, அதுல 99 கிராஸ் டைப் (குறுக்கயும் நெடுக்கயும் பாக்குறது), நடு பாயிண்ட் மைனஸ் 4 வரைக்கும் பிடிக்கும். டி810ல இருந்து வர்ற அதே டீடெய்ல் இப்ப நான் தூக்கப் பயப்படுற நேரத்துலயும் கிடைக்கும். அந்தப் பயம் போறதுக்குத்தான் நான் காசு குடுக்குறேன்.

ஐஎஸ்ஓ 64 பத்தியும் சொல்லிருறேன். டி810லயும் இருக்கு, அதனாலதான் இன்னும் அத விக்காம வச்சிருக்கேன். மத்தியானம் கோயில் பிரகாரத்துல ஜோடிய நிக்க வச்சா மாப்பிள்ளை பட்டு வேட்டி வெயில்ல வெள்ளையா எரியும், பின்னாடி கல்தூண் கன்னங்கரேல்னு இருக்கும். வேட்டி மடிப்பும் தெரியணும் தூணுல இருக்குற யாளியும் தெரியணும். குறைஞ்ச ஐஎஸ்ஓல ஒவ்வொரு பிக்சலும் நிரம்பி வழியறதுக்கு முன்னாடி கூட வெளிச்சம் வாங்கிக்கும், அதனால வேட்டிக்கு எக்ஸ்போஸ் பண்ணிட்டு நிழலை ராவ்ல மூணு நாலு ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு) தூக்கினாலும் மண்ணு மண்ணா வராது. அதோட அழகு ஸ்கிரீன்ல பாத்தாதான் புரியும்.

சிங்கை விளக்கு | 27 ஆகஸ்ட் 2017

சிங்கப்பூர்ல இருந்து எழுதறேன். ஊர்ல இருந்து நேத்தே நாலு பேர் மெசேஜ், பெனின்சுலா கேமரா கடைகள்ல விலை கேட்டு சொல்லு, தீபாவளிக்கு வரும்போது கொண்டு வான்னு. தயவு செஞ்சு யோசிங்க. இப்ப 2017 விதிப்படி இந்தியா திரும்பறவங்களுக்கு 50,000 ரூபா வரைக்கும்தான் டியூட்டி (சுங்க வரி) இல்ல, அதுக்கு மேல உள்ளதுக்கு சுமார் 36 சதவீதம் கட்டணும். பேக்ல மறைச்சு கொண்டு போய் மாட்டினா அது வேற பிரச்சனை, நான் பண்ண மாட்டேன்.

இன்னொண்ணு, நாலு வருசம் முன்னாடி நானே ஊர்ல ஒரு கடையில பில் இல்லாம 18,000 கம்மின்னு ஒரு பாடி அண்ணனுக்கு வாங்கிக் குடுத்தேன். எட்டாவது மாசம் ஷட்டர் போச்சு. சர்வீஸ்ல முதல்ல கேட்டதே பில்தான். கடைக்காரர் போனை எடுக்கவே இல்ல. கம்மியா வாங்கினதெல்லாம் ரிப்பேருக்கே போச்சு.

இருவாச்சி | 27 ஆகஸ்ட் 2017

கார்டு விசயம் யாரும் பேசலீங்களே. கார்டு போடற ஒரு ஸ்லாட் எக்ஸ்கியூடி (வேகமான வகை), இன்னொண்ணு சாதாரண எஸ்டி. ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா என்னங்க. எக்ஸ்கியூடி செஞ்சிட்டு இருந்ததே சோனியும் லெக்சாரும்தான், லெக்சார் கார்டு பிசினஸ நிறுத்தறோம்னு அதோட தாய்க் கம்பெனி மைக்ரான் ஜூன்லயே சொல்லிட்டாங்க. இப்போதைக்கு ஒரே கம்பெனி, அவங்க வச்சதுதான் விலை. ரெண்டு கார்டுலயும் சேத்து எழுதற மாதிரி பேக்கப் போட்டா எஸ்டி வேகத்துக்குத்தான் பஃபர் (கார்டுல எழுதறதுக்கு முன்னாடி படம் தேங்கற இடம்) காலியாகும். 14 பிட் லாஸ்லெஸ் (தரம் குறையாம சுருக்கற) ராவ்ல 51 ஃப்ரேம் பஃபர்னு போட்டிருக்கறது நல்ல எக்ஸ்கியூடி மட்டும் போட்டா கிடைக்கறது.

ஃபைல் ஒண்ணு சுமார் 50 எம்பிங்க. கல்யாணம் எடுக்கற அண்ணா கணக்குப் போடுங்க.

முகூர்த்தக்கால் | 28 ஆகஸ்ட் 2017

போட்டாச்சு. வரவேற்பும் முகூர்த்தமும் சேந்து எனக்கு 3000 ஃப்ரேம் வரும், 150 ஜிபி. ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல காப்பின்னா 300. ஆவணி, ஐப்பசி, தை, பங்குனின்னு வருசத்துக்கு 40 கல்யாணம்னா 12 டெராபைட். மீடியம் ராவ்னு 25.6 மெகாபிக்சல்ல ஒரு செட்டிங் இருக்கு, பந்தி, மொய், குரூப் ஃபோட்டோவுக்கு அதுல எடுக்கலாம், ஆனா அது 12 பிட்தான், முழு ராவ் மாதிரி இழுக்க முடியாதுங்கறாங்க. எடிட்டிங் பையன் கம்ப்யூட்டர் 16 ஜிபி ரேம், அதையும் மாத்தணும். பாடி விலையோட இது முடியாது, வாங்க நினைக்கிறவங்க இந்தச் செலவையும் சேத்தே எழுதி வச்சுக்கங்க.

ஏழாம் வரிசை | 28 ஆகஸ்ட் 2017

இந்த ஒரு விசயத்துல நிக்கானுக்கு என் ஓட்டு. சோனில 14 பிட் வேணும்னா அன்கம்ப்ரெஸ்ட் (சுருக்காதது) மட்டும்தான், ஒரு ஃபைல் 80 எம்பிக்கு மேல. லாஸ்லெஸ் கம்ப்ரெஷன் குடுங்கன்னு நாங்க எத்தனை நாளா கேக்கறோம்.

எறும்புப் புற்று | 1 செப்டம்பர் 2017

ஆர்டர் எதிர்பாத்ததுக்கு மேல குவிஞ்சிருச்சு, டெலிவரி லேட் ஆகும்னு நிக்கானே மன்னிப்பு கேட்டு அறிவிப்பு போட்டிருக்காங்க. பிப்ரவரியில டிஎல் வரிசைச் சின்ன கேமராக்களை வெளியிடாமலேயே கேன்சல் பண்ணப்போ கம்பெனி என்ன ஆகப் போகுதோன்னு எனக்கு நிஜமாவே பயமா இருந்துச்சு, லென்ஸ் எல்லாம் என்ன பண்றதுன்னு. அதே வருசம் இப்படி ஒரு கியூ நிக்கறத பாக்க மனசுக்கு நிறைவா இருக்கு.

நெகட்டிவ் டப்பா | 14 செப்டம்பர் 2017

இந்திய அறிமுக விலை 2,54,950 ரூபாய், பாடி மட்டும். இந்த 2017 ஜூலையில் இருந்து கேமராவுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி நம்பர் எடுத்திருக்கும் ஸ்டுடியோக்காரர்கள் கட்டாயம் உங்கள் நம்பரைக் கொடுத்து பில் வாங்குங்கள், வரியை இன்புட் கிரெடிட்டில் எடுத்துக்கொள்ளலாம், அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். நம்பர் இல்லாத சின்ன ஸ்டுடியோக்களுக்கு முழுச் சுமையும் தலையில்தான். கேமராவை ஆடம்பரப் பொருள் கணக்கில் வைத்து 28 போட்டிருக்கிறார்கள். தச்சருக்கு உளி மாதிரி எங்களுக்கு இது, இதை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.

பாப் அப் (கேமராவிலேயே எழும்பும்) ஃபிளாஷும் இல்லை, கவனித்தீர்களா? டி810ல் அதை வைத்துத்தான் வெளி ஃபிளாஷை நான் அடிக்க வைப்பேன். இனி தனி ட்ரிகர் வாங்க வேண்டும்.

முகூர்த்தக்கால் | 15 செப்டம்பர் 2017

புக் பண்ணிட்டேன். டி750ய விக்கலாம்னு இருந்தேன், மனசு வரல, டி810ய குடுத்துட்டேன். அட்வான்ஸ் கட்டி பில் நம்பரோட ரசீது வாங்கிட்டேன். எப்ப வரும்னு கடையில சொல்லல.

எறும்புப் புற்று | 16 அக்டோபர் 2017

சென்சார சோதிச்சு மார்க் போடற டிஎக்ஸ்ஓமார்க் தளத்துல இந்த சென்சாருக்கு 100 பாயிண்ட் குடுத்திருக்காங்க. முகூர்த்தக்கால் அண்ணே, கேமரா வந்துச்சா இல்லையா?

முகூர்த்தக்கால் | 2 நவம்பர் 2017

மன்னிக்கணும், ஐப்பசி முகூர்த்தம் ஆரம்பிச்சதுல இந்தப் பக்கம் வரவே முடியல. கேமரா தீபாவளிக்கு முந்துன வாரம் வந்துச்சு. இதோட நாலு கல்யாணம் எடுத்தாச்சு, இப்ப தைரியமா சொல்லலாம்.

முதல்ல குறை. சைலண்ட் மோடை நம்பி வரவேற்புல பாட்டுக் கச்சேரிக்கு எடுத்தேன், மேடையில எல்இடி விளக்கு, படம் பூரா குறுக்கால கறுப்புப் பட்டை. எலக்ட்ரானிக் ஷட்டர் வரிசை வரிசையா படிக்குறதால எல்இடி மினுக்குறது கோடாப் பதியுது. ஷட்டர் ஸ்பீடை 1/50க்குக் கொண்டு வந்தா பெரும்பாலும் போயிருது, ஆனா வயலின் வாசிக்குறவர் கை கலங்குது. பகல் வெளிச்சத்துல, குத்துவிளக்கு வெளிச்சத்துல பிரச்சனை இல்ல. ஊஞ்சல் சடங்குல பாட்டிங்க பாடிக்கிட்டு இருக்குறப்ப சத்தமே இல்லாம எடுத்தேன், ஒருத்தர் கூட திரும்பிப் பாக்கல. முன்னாடியெல்லாம் முதல் கிளிக்லயே பாடுறத நிறுத்திட்டு சேலையச் சரி பண்ண ஆரம்பிச்சிருவாங்க.

அப்புறம் எடை. 70-200 மாட்டி பன்னெண்டு மணி நேரம், ரெண்டாவது நாள் வலது மணிக்கட்டுல வீக்கம். எலாஸ்டிக் பேண்ட் கட்டித்தான் மூணாவது கல்யாணம் எடுத்தேன்.

இனி அட்சதை. கஸ்டம் செட்டிங்ல ஃபோகஸ் ட்ராக்கிங்ல குறுக்க ஏதாவது வந்தா எவ்வளவு நேரம் பொறுக்கணும்னு 1ல இருந்து 5 வரைக்கும் ஒரு அளவு இருக்கு. 5ல வச்சேன், ஏஎஃப்-சி (விடாம பின்தொடர்ற ஃபோகஸ்), 25 பாயிண்ட் டைனமிக் (பக்கத்துப் பாயிண்டும் சேந்து பிடிக்குறது). கெட்டிமேளம் அடிச்சதும் வழக்கம்போல மழை மாதிரி அரிசி. ஃபைண்டர்குள்ள மஞ்ச மஞ்சயா போறது எனக்கே தெரியுது, வயித்துல பழைய பயம் வந்துருச்சு, விரலை மட்டும் எடுக்கல. 31 ஃப்ரேம். அன்னைக்கு ராத்திரி உக்காந்து ஒவ்வொண்ணா நூறு சதவீதத்துல பாத்தேன், 28ல பொண்ணோட இமை முடி எண்ணலாம். மூணுல மட்டும் மாப்பிள்ளை முழங்கையில நிக்குது. டி810ல இதே இடத்துல பாதி தேறினாலே பெருசு.

அந்த 31ல ஒண்ணு. மூணாவது முடிச்சு நாத்தனார் போடுறாங்க, எல்லாரும் அவங்களயே பாக்குறாங்க. ஃப்ரேமோட இடது மூலையில, ஆளுங்க தோளுக்கு நடுவுல, பொண்ணோட அப்பத்தா. சக்கர நாற்காலியில உக்காந்திருக்குறதால எந்தக் கேமராவுலயும் அவங்க விழல, வீடியோவுலயும் இல்ல. கையில அட்சதை இருக்கு, எறியல, நெஞ்சோட வச்சுக்கிட்டு அழுதுக்கிட்டு இருக்காங்க. நான் எடுக்குறப்ப அவங்கள பாக்கவே இல்ல. கொஞ்சம் பின்னாடி இருந்ததால ஊசி மாதிரி ஷார்ப் இல்ல, ஆனா முகம் தெளிவா தெரியுது. அகலத்துல பாதிய வெட்டினேன், 4100 பிக்சல் மிச்சம், 13 இன்ச்சுக்கு பிரிண்ட் போட்டேன். ஆல்பம் வாங்க வந்த பொண்ணோட அப்பா அந்த பிரிண்ட்ட மட்டும் தனியா கையில எடுத்துக்கிட்டு கடை வாசல்ல போய் நின்னுட்டாரு. ஆல்பத்த அவரு மருமகன்தான் புரட்டிப் பாத்தாரு.

ஏழாம் வரிசை | 2 நவம்பர் 2017

இதுக்கு மேல நான் மிரர்லெஸ் பத்திப் பேசல. அந்தப் படத்தைப் பாக்கணும் போல இருக்கு, வீட்டுக்காரங்க சம்மதிச்சா போடுங்க.

முகூர்த்தக்கால் | 2 நவம்பர் 2017

அவங்க வீட்டு விசயம், போடலைங்க. மன்னிச்சுக்கங்க.

நெகட்டிவ் டப்பா | 3 நவம்பர் 2017

சரியான முடிவு. அந்த ராவ் ஃபைலை தனியாக இன்னொரு டிஸ்க்கில் வையுங்கள், மேலே ஊரும் வீட்டுப் பெயரும் எழுதுங்கள். இஎஸ்-2 இன்னும் கடைக்கு வரவில்லை, வந்ததும் சொல்கிறேன். அதுவரை டப்பாக்களைப் பரணில் இருந்து இறக்கி, மர பீரோவில் கற்பூரம் இல்லாமல் சிலிகா ஜெல் மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.

இருவாச்சி | 3 நவம்பர் 2017

அண்ணா, மார்கழியில உங்களுக்கு ஆர்டர் இருக்காதல்லங்க. கேமராவ எடுத்துக்கிட்டு வால்பாறைக்கு ரெண்டு நாள் வாங்க. 200-500 லென்ஸ் நான் கொண்டாரேன், கிராப் மோடுல போட்டுப் பாத்துரலாம். மணிக்கட்டு பேண்ட் மறந்துறாதீங்க, அங்க மோனோபாட் (ஒத்தைக் கால் ஸ்டாண்ட்) ஊன்ற இடம் எல்லாம் அட்டையா இருக்கும்.